எடைக்கு எடை தண்ணீர்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், எழுதியிருக்கிறார்: "இங்கிலாந்தில் ஒரு தம்பதி படகையே வீடாக்கிக்கொண்டு கால்வாய் கால்வாயாகச் சுற்றுவதைத் தினமும் யூடியூபில் பார்க்கிறேன். நடுநடுவே ஒரு தொட்டிக்குள் படகை விடுகிறார்கள், கதவைச் சாத்துகிறார்கள், அந்த அம்மா ஒரு கைப்பிடியைச் சுற்றுகிறார், படகு மேலே ஏறிவிடுகிறது. மோட்டார் சத்தமே இல்லை. யார் தூக்குகிறார்கள்? கனமான படகென்றால் அதிகத் தண்ணீர் பிடிக்குமா? பின்குறிப்பு: நானும் என் மனைவியும் இப்படி ஒரு படகில் போய் இருந்துவிடலாமா?"

மூன்று கேள்வி. இரண்டாவதைக் கேட்டாரே, அதற்காகவே அவருக்குக் கைகொடுக்க வேண்டும்.

முதலில் அந்தப் படகு. நேரோபோட் என்று பெயர். அகலம் 6 அடி 10 அங்குலம். நம் டவுன் பஸ்ஸைவிட ஒடுக்கம். நீளம் 70 அடி வரை போகும். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் செலவைக் குறைக்க, தான் வெட்டிய கால்வாய்த் தொட்டிகளை 7 அடி அகலத்தோடு நிறுத்திவிட்டார். அன்று நிலக்கரியும் பீங்கானும் சுமந்த படகுகள் அந்த அளவுக்கு ஒடுங்கின. இன்று அதே அளவுக்குள் அடுப்படி, கட்டில், குளியலறை எல்லாம் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. வேக வரம்பு மணிக்கு 4 மைல். நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாதவர்கள் ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாகத் தங்கக் கூடாது; நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

கால்வாய் ஆறு மாதிரி சரிந்து ஓடுவதில்லை. ஓடினால் தண்ணீர் காலியாகிவிடும். ஆகவே அதை மட்டமாக வெட்டுவார்கள். மேடு வந்தால் படி வைக்க வேண்டும். அந்தப் படிதான் லாக். தமிழில் நீர்ப்பூட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானும் லாக் என்றே எழுதுகிறேன். இதை முதலில் செய்தவர்கள் சீனர்கள். 984ஆம் ஆண்டு, சோங் அரசின் அதிகாரி சியாவ் வெயுவே, பெருங்கால்வாயில் இரண்டு கதவு வைத்த தொட்டி ஒன்றைக் கட்டினார். அதுவரை தானியப் படகுகளைச் சரிவில் கட்டி இழுத்துத்தான் ஏற்றினார்கள். இழுக்கும்போது படகு உடையும். உடைந்தால் வரி நெல் சிதறும். சிதறிய நெல்லில் பாதி காணாமல் போகும். உலகின் முதல் லாக் திருட்டுக்குப் பயந்து பிறந்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

தொட்டி வேலை செய்யும் விதம் சுருக்கமாக: படகு கீழ்க்கதவு வழியே நுழைகிறது. கதவைச் சாத்துகிறோம். மேல் கால்வாயிலிருந்து தண்ணீர் வர, கைப்பிடியைச் சுற்றி ஒரு ஷட்டரைத் திறக்கிறோம். மட்டம் ஏறுகிறது, மிதக்கும் படகும் ஏறுகிறது. மேல் மட்டத்தைத் தொட்டதும் மேல் கதவைத் திறந்து போய்விடலாம். பம்பு இல்லை, மோட்டார் இல்லை. கீழே இறங்கும் தண்ணீர்தான் படகை ஏற்றுகிறது.

கதவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு பிரிஸ்டலில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, டிவைசஸ் ஊரில் இருக்கும் கேன் ஹில் பார்க்க அழைத்துப்போனாள். கென்னட்–ஏவன் கால்வாயில் அங்கே 29 லாக். அதில் 16 ஒரே நேர்க்கோட்டில், மலைக்கோயில் படிக்கட்டு மாதிரி. மொத்த ஏற்றம் 237 அடி, தூரம் 2 மைல். 1810இல் திறந்தது. ஒரு படகு ஏறி முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், படகிலிருந்து இறங்கிய ஒரு வயதான அம்மாள், "கொஞ்சம் தள்ளுங்கள்" என்று கதவின் நீண்ட மர உத்தரத்தைக் காட்டினார். தள்ளினேன். அசையவில்லை. முழுப் பலத்தோடு தள்ளினேன். அவர் சிரித்துவிட்டு, திரும்பி நின்று உத்தரத்தில் முதுகைச் சாய்த்து, சும்மா இருந்தார். அரை நிமிடம் போயிருக்கும். கதவு தானாக இளகி, வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

என்ன நடந்தது? இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை கதவு திறக்காது. ஒரே ஒரு அங்குல வித்தியாசம் இருந்தால்கூட, 5 அடி ஆழ நீரில் 7 அடி அகலக் கதவின்மேல் சுமார் 80 கிலோ அழுத்தம். ஒரு ஆள் சாய்ந்து நிற்கிற கணக்கு. அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் நான். 8 அடி வித்தியாசம் இருக்கும்போது, தொட்டியின் ஒரே முனையில் ஜோடியாக இருக்கும் இரண்டு கதவுமாகச் சேர்ந்து தாங்குவது 25 டன்னுக்கு மேல். அத்தனை அழுத்தத்துக்கும் தாழ்ப்பாள் கிடையாது! இரண்டு கதவும் நேராகச் சேராமல், உயர் மட்டத்தைப் பார்த்து ஆங்கில 'V' எழுத்துப் போல ஒரு கூர்முனையாகச் சேர்கின்றன. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு ஒன்றோடொன்று இறுகுகின்றன. 15ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் மிலான் நகரக் கால்வாய்களுக்காக லியனார்டோ டா வின்சி வரைந்த இந்தக் கூர்க்கதவின் ஓவியம் இன்றும் இருக்கிறது. ஐந்நூறு வருடமாக அதை மாற்ற யாருக்கும் தேவை வரவில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. கனமான படகுக்கு அதிகத் தண்ணீர் பிடிக்குமா?

கேன் ஹில்லில் ஒரு தொட்டியின் நீளம் சுமார் 72 அடி, அகலம் 14 அடி, ஏற்றம் 8 அடிக்குக் கொஞ்சம் மேல். பெருக்கினால் ஏறக்குறைய 2,30,000 லிட்டர், அதாவது 230 டன். சென்னைத் தண்ணீர் லாரி 19 வந்தால் ஒரு முறை நிரப்பலாம். இந்த அளவு உள்ளே என்ன மிதக்கிறது என்பதைப் பொறுத்ததே இல்லை. காலித் தொட்டியோ, படகோ, தெப்பத்தில் நின்ற யானையோ, மட்டத்தை 8 அடி உயர்த்த அதே 230 டன்தான். அதனால் பலரும் "பிடிக்காது" என்று பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் படகு மேல் கதவைத் தாண்டி வெளியே போகிற நொடியைக் கவனியுங்கள். 18 டன் படகு என்று வைத்துக்கொள்வோம். அது இருந்த இடத்தில் நீருக்குள் 18 டன் அளவுக்குப் பள்ளம் விழ வேண்டுமே? விழாது, மேல் கால்வாய்த் தண்ணீர் உடனே உள்ளே வந்து நிரப்பிவிடும். படகு முன்னே போக, அதன் விலாவை உரசிக்கொண்டு தண்ணீர் பின்னே வரும். ஆக, மேல் கால்வாய் கொடுத்தது 230 டன் இல்லை, 248 டன். இறங்கும் படகுக்கு இதற்கு நேர்மாறு. அது மேலிருந்து தொட்டிக்குள் நுழையும்போதே 18 டன் தண்ணீரை மேல் கால்வாய்க்குத் தள்ளிவிட்டுத்தான் நுழைகிறது. செலவு 212 டன்.

குருவாயூரில் துலாபாரம் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் குழந்தை, எதிர்த் தட்டில் எடைக்கு எடை வாழைப்பழமோ சர்க்கரையோ. லாக்கிலும் அதேதான். 18 டன் படகு மேலே போனால் 18 டன் தண்ணீர் கீழே வந்தாக வேண்டும். பாத்திரம் பண்டம், நிலக்கரி மூட்டை, நாய்க்குட்டி எல்லாம் சேர்ந்த எடை. நாய்க்குட்டி கூடக் கணக்கில் உண்டு. தராசு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே வாசகருக்குப் பதில்: ஆமாம், பிடிக்கும். படகின் எடை எவ்வளவோ அவ்வளவு அதிகம் பிடிக்கும்.

மீதி 230 டன்? அது தரகு. ஒரு 18 டன் படகைக் கேன் ஹில்லின் 29 லாக்குமாகச் சேர்த்து 72 மீட்டர் (அதே 237 அடி) உயரம் ஏற்ற உண்மையில் தேவையான ஆற்றல் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதற்காக 230 டன் தண்ணீர் படிப்படியாக மலை முழுக்க இறங்குகிறது. அதில் கரைவது 45 யூனிட். காரியத்தைவிடத் தரகு பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஷட்டர் திறந்ததும் நுரை பொங்கிக் கொந்தளிக்கிறதே, அந்தக் கொந்தளிப்பில்தான் இந்த 45 யூனிட்டும் போகிறது.

போன தண்ணீரை உச்சியில் யாராவது ஈடுகட்ட வேண்டும். கேன் ஹில்லில் 1996இல் வைத்த பம்பு ஒரு நாளைக்கு 3.2 கோடி லிட்டரைத் திரும்ப மேலே ஏற்ற வல்லது. இதே கால்வாயின் உச்சிப் பகுதிக்கு நீர் ஏற்றிய, 1812இல் செய்த நீராவி இயந்திரம் ஒன்று கிராஃப்டனில் இன்னும் ஓடுகிறது. மழை பொய்த்தால் பம்பு மட்டும் என்ன செய்யும்? 2025 கோடை வறட்சியில் இங்கிலாந்தின் பல கால்வாய்களில் லாக்குகளைப் பூட்டிவிட்டார்கள்; படகுவாசிகள் நின்ற இடத்தில் நின்றார்கள். படகுக்காரர்களிடையே இதற்கென்று ஒரு மரியாதை உண்டு. நீ ஏறி முடித்ததும் தொட்டி நிறைந்திருக்கிறது. எதிரே யாராவது இறங்க வருகிறார்களா என்று எட்டிப் பார். வந்தால் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போ. ஒரே தொட்டித் தண்ணீரில் இரண்டு படகு கடந்துவிடும்.

தரகே இல்லாத துலாபாரம் ஒன்றும் இருக்கிறது, ஸ்காட்லாந்தில். ஃபால்கர்க் சக்கரம். 2002இல் திறந்தார்கள். பழைய 11 லாக்குகள் இருந்த இடத்தில், ஒரு பெரிய ராட்டினத்தின் இரு கைகளிலும் ஒவ்வொரு தொட்டி. ஒரு தொட்டிக்குள் படகு நுழைந்தால் அதே எடைத் தண்ணீர் வெளியேறும்; இன்னொன்றில் படகே இல்லாவிட்டாலும் இரண்டும் ஒரே எடை. சமமான தராசைச் சுழற்ற எவ்வளவு பலம் வேண்டும்? அரைச் சுற்றுக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் இழுக்கிற அளவு. அதில் படகுகளும் நூற்றுக்கணக்கான டன் தண்ணீரும் 24 மீட்டர் மேலும் கீழும் இடம் மாறிவிடுகின்றன. இதைப் பார்த்தால் ஆர்க்கிமிடீஸ் மறுபடி ஒருமுறை தெருவில் ஓடியிருப்பார்.

நம்மிடமும் லாக் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில், ஆறுகள் குறுக்கிடும் இடங்களில். சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877–78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் வெட்டினார்கள். இப்போது அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்த பாதையில் இந்தக் கால்வாயும் சேர்த்தி. எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். வண்டல் எங்கே எவ்வளவு படிகிறது, ஆகாயத்தாமரை எந்த மாதம் எப்படிப் பரவுகிறது என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து அளப்பதும் அறிவியல்தான். நமக்கு ரிப்பன் வெட்ட முடிகிற ஆராய்ச்சிக்குத்தான் காசு. அளந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு மாதம் பிறந்தால் உதவித்தொகை வந்தாலே நான் வாயை மூடிக்கொள்வேன். கென்னட்–ஏவன் கால்வாயும் ஒரு காலத்தில் பாழாகி, சேறாகிக் கிடந்ததுதான். தன்னார்வலர்கள் பல வருடம் சேறு வாரியும் நிதி திரட்டியும் பாடுபட்ட பிறகு, 1990இல் மீண்டும் திறந்தது.

கடைசியாகப் பின்குறிப்பு. ஐயா, வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. கிளம்பும் முன் கொஞ்ச நேரம் சொல்லித் தருவார்கள். லாக்கில் இறங்கும்போது மட்டும் படகின் வால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேல் கதவுக்கு அடியில் நீருக்குள் ஒரு கல் திட்டு ஒளிந்திருக்கும். மட்டம் இறங்க இறங்க வால் அதில் உட்கார்ந்துவிட்டால் மூக்கு கவிழ்ந்து படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், வாலும் அதைத் தாண்டி முன்னே வந்த பிறகு நில்லுங்கள். வாஸ்து பார்ப்பவர்களாக இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்: கால்வாய் வளைகிற ஒவ்வொரு இடத்திலும் ஈசானி மூலை இடம் மாறும், காலையில் சமையலறை அக்னி மூலையில் இருந்தால் சாயங்காலம் கட்டில் இருக்கும். அப்புறம், காணொளியில் அவ்வளவாகக் காட்டாத ஒரு சமாச்சாரம். பல படகுகளில் கழிப்பறைக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டிதான். சில நாளுக்கு ஒருமுறை அதை உருவி எடுத்து, கரையோரமாக நடந்துபோய், அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். இது யார் முறை என்று வீட்டம்மாவிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.