ஆய்வுக்குக் காசு கொடுப்பவரே ஆய்வாளரையும் தேர்ந்தெடுக்கலாமா?

பெரிய வணிக வளாகம் ஒன்று வரப்போகிறது என்றால், அதனால் ஊருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். சுற்றியுள்ள கடைகளின் வியாபாரம் எவ்வளவு குறையும், சாலையில் எத்தனை வண்டி கூடும், புது வேலைகளில் இருந்து போகும் வேலைகளைக் கழித்தால் மிச்சம் என்ன, இதெல்லாம் அதில் வரும்.

தொழிலுக்கு வந்த புதிதில் எழுதிய ஓர் அறிக்கையை இன்னும் மறக்க முடியவில்லை. வரைவை அனுப்பிய மூன்றாம் நாள், எங்களை அமர்த்திய கட்டுமான நிறுவனத்திடமிருந்து அது திரும்பி வந்தது. முடிவுரையில் அவர்கள் கை வைக்கவே இல்லை. பின்னிணைப்பில் ஓர் அட்டவணை, அதில் ஒரே ஓர் எண்ணைச் சுற்றி வட்டம். பக்கத்தில், "கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, மறுபடி பாருங்கள்" என்று ஒரு வரி. மரியாதையான வரிதான்.

புதுக் கடையில் நடக்கும் 100 பங்கு விற்பனையில் எத்தனை பங்கு ஏற்கெனவே இருக்கும் கடைகளிலிருந்து பறிபோகும் என்பதுதான் அந்த எண். ஒரு கடை திறந்துவிட்டதற்காக மக்கள் கையில் காசு பெருகிவிடாது. வெளியூரில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இங்கே வாங்கலாம். வெளியூர்க்காரர்கள் இங்கே வரலாம். மீதி அத்தனையும் பழைய கடைகளின் கல்லாவிலிருந்துதான் வந்தாக வேண்டும். நாங்கள் 80 என்று போட்டிருந்தோம். அவர்கள் எதிர்பார்த்தது 50. எங்கள் கணக்கில் 80 என்றால் சில கடைகள் மூடப்படும். 50 என்றால் "தாங்கக்கூடிய பாதிப்பு". இரண்டுக்கும் நியாயம் சொல்ல முடியும் என்பதுதான் சங்கடமே. என் மேலதிகாரி 60 என்று மாற்றினார். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கணக்கில் வந்த எண் இல்லை, பேரத்தில் வந்த எண்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஆய்வாளருக்கு மட்டும் அது ஆகாது.

சரி, அப்படியானால் யார் பணம் கொடுப்பது? உள்ளாட்சியே கொடுக்கட்டும் என்பார்கள் பலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனியார் ஒருவர் லாபத்துக்காகக் கட்டும் கட்டடத்தின் விளைவை அறிய ஊர் மக்கள் ஏன் வரிப்பணத்தைச் செலவிட வேண்டும்? அதைவிட முக்கியமாக, நிதி இல்லாத உள்ளாட்சி ஆய்வையே தவிர்த்துவிடும். ஆய்வு அதிகம் தேவைப்படுவதும் அப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான். எதிர்க்கும் வியாபாரிகள் தங்கள் செலவில் ஒன்று செய்வதும் உண்டு. அப்படிப்பட்ட ஓர் ஆய்வையும் செய்திருக்கிறேன். அங்கேயும் ஓர் எண்ணில் வட்டம் போட்டுத்தான் வந்தது, கூட்டச் சொல்லி.

என் கருத்து: பணத்தைத் திட்டம் கொண்டுவருபவர்தான் கொடுக்க வேண்டும். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது, ஆய்வு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற வேலை வரம்பை எழுதுவது, வரைவை முதலில் வாங்கிப் பார்ப்பது, இந்த மூன்றும் அவர் கையில் இருக்கக் கூடாது. பணம் உள்ளாட்சியின் தனிக் கணக்குக்குப் போகட்டும், அங்கிருந்து ஆய்வாளருக்கு வரட்டும், மீந்தால் திருப்பிக் கொடுக்கட்டும்.

இது கற்பனை இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2007-இல் இயற்றிய சட்டம், 75,000 சதுர அடிக்கு மேற்பட்ட சில்லறை வணிகக் கட்டடத்துக்கு விண்ணப்பிப்பவர் 40,000 டாலரை மாநில அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்றது. ஆய்வாளர் அந்த அலுவலகம் தகுதி பார்த்து வைத்த பட்டியலிலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னது. பிரான்ஸ் 2018-இல் பாதி வழி வந்தது: அரசுப் பிரதிநிதி அங்கீகரித்த சுயேச்சையான அமைப்புதான் தாக்க ஆய்வைச் செய்யலாம், ஆனால் அதை அமர்த்துவது விண்ணப்பதாரரே. இங்கிலாந்தில், நகர மையத்துக்கு வெளியே 2,500 சதுர மீட்டரைத் தாண்டும் கடைக்கு, உள்ளூர் வரம்பு வேறு இல்லாவிட்டால், ஆய்வு வேண்டும். பெரும்பாலும் விண்ணப்பதாரரின் ஆலோசகர் எழுதுவார், உள்ளாட்சி வேறொருவரை வைத்துச் சரிபார்க்கும். இந்தச் சரிபார்ப்பு ஒன்றுமில்லாததற்கு மேல்தான். ஆனால் எழுதியவர் கேட்காமல் விட்ட கேள்வியைச் சரிபார்ப்பவர் கண்டுபிடிப்பது கடினம், அதற்கான நாட்களும் அவருக்குக் கிடைப்பதில்லை.

விட்ட கேள்வி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகரம் உதாரணம். சில மைல் தூரத்தில் இரண்டு வளாகங்கள், இரண்டிலும் வால்மார்ட்டின் பெருங்கடை. ஆய்வுகளும் இரண்டு, ஒன்று மற்றதைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து பழைய கடைப் பகுதிகளைப் பாழாக்குமா என்று பார்த்திருக்க வேண்டும் என்று 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு ஆய்விலும் கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. அதனால்தான் வேலை வரம்பை யார் எழுதுகிறார்கள் என்று இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன்.

கட்டுமானக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "வெற்றுக் காசோலை கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்பார்கள். கூடாதுதான். கட்டணத்துக்கு உச்சவரம்பும் முடிக்க ஒரு கெடுவும் வேண்டும். ஒரு குறிப்பிட்ட பரப்பளவுக்குக் கீழே இந்தச் சுமையே வேண்டாம்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு வேலையில் பணம் உள்ளாட்சி வழியாக வந்தது. வரைவு கொடுத்த வாரத்தில் கட்டுமானத் தரப்பு மேலாளர் அழைத்தார். அதே கேள்வி: "அந்த எண் கொஞ்சம் அதிகமில்லையா?" உங்கள் ஆட்சேபத்தை உள்ளாட்சிக்கு எழுத்தில் கொடுங்கள், அவர்கள் கேட்டால் பதில் எழுதுகிறேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். நியாயமாகவும் இருந்தது, வெளியூர் வாடிக்கையாளர்களை நாங்கள் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தோம். திருத்தினோம், காரணத்தோடு, எல்லோரும் படிக்கும்படி. அப்புறமும் எண் 71-இல்தான் நின்றது. வளாகத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக் கட்டினார்கள்.