டிரை ஃபிளை: சொல் விளக்கம்

டிரை ஃபிளை என்பது, இறகையும் நூலையும் சிறு தூண்டில் முள்ளின்மேல் சுற்றிக் கட்டி, ஆற்று நீரில் அமிழாமல் மிதக்கும்படி செய்யப்படும் பொய்ப் பூச்சியாகும். அதைக் கொண்டு டிரவுட் மீன் பிடிக்கும் முறைக்கும் அதுவே பெயர்.

இச்சொல்லில் உள்ள ‘டிரை’, அதாவது ‘உலர்ந்த’ என்னும் அடைமொழி, இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலவிய ஒரு வழக்கத்திலிருந்து வந்தது. நனைந்து கனத்துத் தாழ்ந்துவிடும் பூச்சியைக் கழற்றிவிட்டு, நனையாத இன்னொன்றைக் கட்டி வீசினால் அது சிறிது நேரம் நீர்மேல் நிற்கும். பின்னர், வீசுவதற்கு முன் தூண்டில் கயிற்றைக் காற்றில் முன்னும் பின்னுமாகச் சுழற்றி நீர்த்துளிகளை உதறும் பழக்கமும், மயிர்கள் விறைத்து நிற்கும் சேவற்கழுத்து இறகைக் குறுக்கே சுற்றும் நுட்பமும் வளர்ந்தன. அந்த மயிர் நுனிகள் நீரின் பரப்பு இழுவிசையின்மேல் ஊன்றி நிற்பதால்தான் முள்ளின் எடை தாங்கப்படுகிறது. ஹாம்ப்ஷையர் பகுதியில் சுண்ணப்பாறை ஊற்றுகளால் தெளிந்து ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் இம்முறை முழு வடிவம் பெற்றது. இதற்கு இலக்கணம் வகுத்தவராகப் போற்றப்படும் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு, 1886-இல் வெளியிட்ட தம் முதல் நூலின் தலைப்பில் ‘உலர்ந்த’ என்று எழுதாமல் ‘மிதக்கும்’ என்றே எழுதினார் என்பதைத் தமிழாக்கம் செய்வோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏனெனில் ‘உலர் ஈ’ என்ற நேர் மொழிபெயர்ப்பு, உலர்திராட்சை என்பதைப் போலக் காயவைத்த ஈ என்ற பொருளைத் தந்துவிடுகிறது. ‘மிதவை’ என்றால் தூண்டிற்கயிற்றில் கட்டும் தக்கையோடு குழம்பும். ஆகவே ‘மிதப்பு ஈ’ என்பதே பொருத்தமானது என்பது என் துணிபு. ‘ஈ’ என்பதை மாற்ற வேண்டியதில்லை; ஆங்கிலத்தில் ‘ஃபிளை’ பழங்காலத்தில் சிறகுள்ள எந்தப் பூச்சியையும் குறித்தது போல, தமிழிலும் தேனீ என்னும் சொல்லில் ‘ஈ’ விரிந்த பொருளிலேயே நிற்கிறது.

இதனோடு இணைந்து வரும் ‘ஹேட்ச்’ என்ற சொல்லுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. அகராதிப்படி அது முட்டை பொரிப்பதுதான். தூண்டில்காரர் வழக்கிலோ அது வேறு. மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம் ஆற்றடியில் பல மாதங்கள், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும், வாழ்ந்தபின் நீர்ப்பரப்புக்கு ஏறித் தோலுரித்துச் சிறகோடு வெளிவருகிறது. சிறகு உலர்ந்து எழும்வரை அது நீரோட்டத்தோடு செல்லும் அந்தச் சில நொடிகளில்தான் டிரவுட் மேலெழுந்து அதை உறிஞ்சும். இப்படி ஒரே வேளையில் பெருந்திரளாக வெளிவருவதையே அவர்கள் ஹேட்ச் என்கிறார்கள். புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதாகத்தானே நாம் சொல்கிறோம். அதே வினையைக் கொண்டு இதைப் ‘பூச்சிப் புறப்பாடு’ எனலாம். ‘பொரிப்பு’ என்று எழுதுவது பிழை, ஏனெனில் முட்டை பொரிந்தது ஆற்றின் அடியில், வெகுகாலத்துக்கு முன்.

நீருக்குள் தாழவிடும் ‘வெட் ஃபிளை’யை, மிதப்பு ஈக்கு இணையாக, ‘அமிழ் ஈ’ எனலாம். வழக்கில் இவ்வாறு அமையும்: ‘பூச்சிப் புறப்பாடு தொடங்கியதும் அமிழ் ஈயைக் கழற்றி, அப்போது வெளிவரும் பூச்சியின் அளவும் நிறமும் ஒத்த மிதப்பு ஈயைக் கட்டினார்.’