641-இடம் அகப்பட்ட எண்

2-ஐ 32 தடவை எழுதிப் பெருக்கி, வரும் விடையோடு 1 கூட்டுங்கள். 4294967297 கிடைக்கும். நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 என்று போட்டுப் பார்த்தாலும் மீதி நிற்கும். பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும்.

பிரான்சின் கணித மேதை பியர் டி ஃபெர்மாவும் 1640 வாக்கில் அப்படித்தான் நம்பினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வருகின்றன. ஐந்தும் பகா எண்கள். அடுத்தது நம் எண். அதுவும் பகா எண்ணாகவே இருக்கும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை.

1732-இல் கணித மேதை லியோனார்டு ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்:

4294967297 = 641 × 6700417

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65536 வரை போக வேண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதில் 1 கழித்தால் 64-ஆல் வகுபட்டாக வேண்டும். இந்த விதியும் ஃபெர்மா கண்ட தேற்றத்திலிருந்தே கிளைப்பதுதான். சரி, அப்படிப்பட்ட பகா எண்கள் எவை? 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே எண் பிடிபட்டுவிடுகிறது!

வகுக்காமலே இதைக் காட்ட ஒரு வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 641-ஐ இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியின்படி, 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு. அதாவது 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, மீதி 1. இரண்டாம் வரியின்படி, மீதிக் கணக்கில் 5⁴-உம் −2⁴-உம் ஒன்றே. மாற்றிப் போடுங்கள்: −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. முடிந்தது. ஒரு தாளின் ஓரத்தில் எழுதிவிடலாம்.

ஃபெர்மாவின் தேற்றத்தை வைத்தே ஒரு சோதனையும் உண்டு. ஒற்றைப்படை எண் N பகா எண் என்றால், 2-ஐ N−1 அடுக்குக்கு உயர்த்தி N-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். நம் எண்ணுக்கு மீதி 1-தான் வருகிறது! பகு எண்ணாக இருந்துகொண்டே சோதனையில் தேறிவிடுகிறது. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் செய்தால்தான் குட்டு உடைகிறது.

அப்புறம், அடுக்கை இரட்டித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? 65537-ஐத் தொடர்ந்து வரும் 28 எண்களும் பகு எண்களே என்று உறுதியாகிவிட்டது. அவற்றில் ஒன்று 2-இன் 1048576-ஆவது அடுக்கோடு 1 கூட்டிய எண். அதில் 315653 இலக்கங்கள். அது பகு எண் என்று தெரிந்தும், அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை.