விதானையாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

மார்கழி மழைக்குத் திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா, வெருகல் ஆட்கள் வானத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆற்றையும் பார்ப்பார்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. மலைநாட்டில் கொட்டிய மழை, இங்கே வெயில் எறிக்கும்போதும் வெள்ளமாக வந்து சேரும். 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது, 2004இல் சுனாமி, 2020 டிசம்பரில் புரெவிப் புயல் என்று திருகோணமலை நிறையவே பட்டுவிட்டது.

சுனாமிக்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்குவது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் மாவட்டப் பிரிவு கச்சேரியோடு, அதாவது மாவட்டச் செயலகத்தோடு, சேர்ந்து வேலை செய்கிறது. அதற்குக் கீழே பிரதேச செயலகம், கடைசியில் கிராம சேவகர், அதாவது நம் விதானையார், பார்க்கும் பிரிவு. நமக்கு முக்கியம் இந்தக் கடைசிப் படிதான்.

கிராம மட்டத்தில் அனர்த்த முகாமைத்துவக் குழு அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விதானையாரோடு ஊர்மக்களும் இருப்பார்கள். மீனவர் சங்கம், மாதர் சங்கம், கோயில், பள்ளிவாசல் ஆட்களும் சேர்ந்தால்தான் குழு பலமாகும். முன்னெச்சரிக்கை, தேடுதலும் மீட்பும், முதலுதவி, முகாம் பராமரிப்பு என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். குழுவில் சேரப் பெரிய படிப்பு வேண்டாம். தோணி ஓட்டத் தெரிந்தவர், உழவு இயந்திரம் வைத்திருப்பவர், எந்த ஒழுங்கையில் முதலில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்த கிழவர், எல்லோரும் தேவை.

குழு கையில் இருக்க வேண்டிய முதல் பொருள், என்னைக் கேட்டால், ஒரு பட்டியல். படுக்கையில் கிடப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, காது கேளாதவர், தினமும் இன்சுலின் போடுபவர், தனியே இருக்கும் ஆச்சி. யாரை யார் தூக்கிக்கொண்டு போவது, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த வழியால் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நடு இரவில் ஒலிபெருக்கியில் அறிவித்தால் காது கேளாதவருக்கு அது போய்ச் சேராது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட வேண்டும்.

நிவாரணம் வேறு விடயம். சேதத்தை உடனே விதானையாரிடம் பதியுங்கள், துப்புரவு செய்யுமுன் படம் எடுத்துவையுங்கள். பதிவு நடக்கவில்லை என்றால் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990.

சரி, கேள்வி இதுதான்: 'நம் பிரிவில் குழு இருக்கிறதா, அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டு ஆச்சியின் பெயர் இருக்கிறதா?' ஐப்பசி மழை தொடங்குமுன் போய்க் கேளுங்கள்.