கார்ட் புரோகிரஷன்: சுரக்கூட்டுப் போக்கும் சுரக்கூட்டு நிரலும்

இடக்கை பிடிப்பதற்கு ஏற்பத் தானே பக்கவாத்தியம் வாசிக்கும் அரேஞ்சர் கீபோர்டை வாசிப்பவர்கள் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டால், ‘கார்டு பிடி’, ‘கார்டு மாத்து’, ‘இந்தப் பாட்டுக்கு புரோகிரஷனைப் போட்டு வைச்சுட்டேன்’ என்ற தொடர்கள் அடிக்கடி காதில் விழும். ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களின் சேர்க்கை கார்டு; கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிச் செல்வது புரோகிரஷன். பேச்சில் எந்தக் குழப்பமும் இல்லை. எழுதும்போதுதான் இடர் தொடங்குகிறது. ‘கார்டு’ என்று எழுதினால் அது ரேஷன் கார்டாகவும் ரயில் கார்டாகவும் படிக்கப்படும்; ஒலியைத் திருத்தி ‘கோர்ட்’ என்று எழுதினால் வழக்கு மன்றத்துக்குள் போய் நிற்கும். இந்த இடரைத் தீர்க்க அகராதியைப் புரட்டுபவருக்கு முதலில் அகப்படும் சொல் ‘நாண்’. அது தவறான சொல் என்பதும், அந்தத் தவறு தமிழில் தொடங்காமல் ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே தொடங்கியது என்பதும் இங்கே விளக்கப்பட வேண்டியவை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலோடு வழங்கும் இரண்டு ‘கார்ட்’கள் உண்டு. வட்டத்தின் பரிதியில் உள்ள இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டைக் குறிக்கும் வடிவியல் சொல், விலங்கின் குடலையும் அதிலிருந்து திரித்த நரம்பையும் குறித்த ‘கோர்டே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. வில்லின் இரு முனைகளை இணைப்பது நாண் என்பதால், கணிதப் பாடநூல்கள் அதை ‘நாண்’ என்று எழுதுவது முற்றிலும் பொருத்தமானது. இசையில் வழங்கும் ‘கார்ட்’ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது இணக்கம், உடன்பாடு என்று பொருள்படும் ‘அக்கார்ட்’ என்ற சொல்லின் தலையெழுத்து தேய்ந்து பிறந்த குறுக்கம். பழைய ஆங்கிலேயர் அதை ‘ஹெச்’ எழுத்து இல்லாமலேதான் எழுதினர். 17ஆம் நூற்றாண்டையொட்டி, நரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது என்று எவரோ கருதியதால் நடுவில் அந்த எழுத்து நுழைந்து நிலைத்துவிட்டது. யாழும் வீணையும் நரம்பால் ஆனவை என்பதால் அந்தத் தவறான எண்ணம் நம்பத்தக்கதாகவும் இருந்திருக்கும்.

பிற ஐரோப்பிய மொழிகள் இந்தச் சறுக்கலுக்கு ஆளாகவில்லை. பிரெஞ்சில் ‘அக்கோர்’, செருமனில் ‘அக்கார்ட்’, இத்தாலியத்தில் ‘அக்கார்டோ’, ஸ்பானியத்தில் ‘அக்கோர்டே’ என்று தலையெழுத்து இன்றளவும் அப்படியே இருக்கிறது. நம் மேடைகளுக்கு நன்கு பழக்கமான அக்கார்டியனின் பெயரிலும் அதே வேர் தெரிகிறது. 1829இல் வியன்னா நகரில் சிரில் டெமியன் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றபோது, ஒரே பொத்தானை அழுத்தினால் ஒரு முழு கார்டும் ஒலிக்கும் என்பதே அதன் சிறப்பு. அதனாலேயே அந்தப் பெயர் அமைந்தது. இடக்கையின் ஒரு விரலை வைத்தால் முழுப் பக்கவாத்தியமும் கிளம்பும் இன்றைய அரேஞ்சர் கீபோர்டு, அந்த வகையில் அக்கார்டியனின் எண்ணத்தையே தொடர்கிறது.

‘அக்கார்ட்’ என்பதற்குள் இருக்கும் வேர், இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’ என்னும் இலத்தீன் சொல். ஒரு நெஞ்சம் இன்னொரு நெஞ்சத்தோடு ஒத்துப்போவதே அதன் முதற்பொருள். கீபோர்டில் சிவப்பாக மின்னும் ‘ரெக்கார்ட்’ பொத்தானின் பெயரும், மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல் என்ற பொருளில் இதே வேரிலிருந்து வந்தது என்பதை இடையில் சொல்லிவைக்கலாம்.

ஆகவே தமிழ்ச் சொல்லைத் தேடும்போது நரம்பை விட்டு, இணக்கத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். ‘சுரக்கோவை’ என்று சிலர் எழுதத் துணியலாம். ஆனால் கோவை என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது, கார்டோ பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது. ‘சுர அடுக்கு’ கண்ணுக்குச் சரியான படத்தைத் தருகிறது, ஏனெனில் அடிப்படைக் கார்டு ஒன்று விட்டு ஒன்றாகச் சுரங்களை அடுக்கித்தான் உருவாகிறது. எனினும் அடுக்கில் உறவு இல்லை, உயரம் மட்டுமே இருக்கிறது. ‘கூட்டு’ என்ற சொல்லில் சேர்க்கையும் உண்டு, உடன்பாடும் உண்டு. கூட்டாளி, கூட்டுச் சேர்தல், கூட்டணி ஆகிய வழக்குகளில் ‘அக்கார்ட்’டின் பொருள் அப்படியே இருக்கிறது. இலையில் பரிமாறப்படும் கூட்டு நினைவுக்கு வந்தாலும் கேடில்லை: பருப்பும் காயும் சேர்ந்து வெந்தாலும் இரண்டும் நாவுக்குத் தனித்தனியே தெரிவது போல, கார்டில் மூன்று சுரங்களும் கரைந்துவிடாமல் சேர்ந்து நிற்கின்றன. எனவே ‘சுரக்கூட்டு’ என்பதையே நான் தேர்கிறேன்.

பழந்தமிழ் இசை மரபு சுரங்களை நரம்பு என்று வழங்கி, அவற்றுக்கு இடையிலான உறவை இணை, கிளை, பகை, நட்பு என நான்காகப் பிரித்தது; சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் இந்த நான்கும் வருகின்றன. உரை மரபின்படி நின்ற நரம்புக்கு, அதாவது தொடக்கமாகக் கொண்ட சுரத்துக்கு, ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. மேலை இசையின் அடிப்படைச் சுரக்கூட்டு முதல், மூன்று, ஐந்து ஆகிய சுரங்களால் ஆனது என்பதை நினைத்தால், நம் முன்னோர் பகை என்று ஒதுக்கிய மூன்றாம் சுரத்தைத்தான் அது நடுவில் அமர்த்தியிருக்கிறது என்று தெரியும். இடைக்கால ஐரோப்பாவிலும் ஐந்தாம், நான்காம் சுரங்களே முழு இணக்கமாகக் கொள்ளப்பட்டு, மூன்றாம் சுரம் பிற்பாடே ஏற்பைப் பெற்றது. இந்த வேறுபாட்டால்தான் சுரக்கூட்டுக்குப் பழைய சொல் ஒன்று ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. உறவைக் குறிக்கச் சொற்கள் இருந்தன; மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்து அதையே ஒரு தனிப் பொருளாகப் பெயரிடும் தேவை எழவில்லை.

இனி ‘புரோகிரஷன்’. இலத்தீனில் ‘முன்னே’ என்பதைக் குறிக்கும் முன்னொட்டும் ‘அடியெடுத்து வைத்தல்’ என்னும் வினையும் சேர்ந்து உருவான சொல் இது. ‘முன்னேற்றம்’ என்று பெயர்த்தால் பொருள் கெடும்; சுரக்கூட்டுகள் மாறிச் செல்கின்றனவே தவிர உயர்வடைவதில்லை, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகின்றன. கணிதத்தைப் பின்பற்றித் ‘தொடர்வரிசை’ என்று வைத்தாலோ வேடிக்கையான விபத்து நேர்கிறது: ‘கூட்டு’ என்பதோடு அதைச் சேர்த்தால் கிடைக்கும் ‘கூட்டுத் தொடர்வரிசை’, பத்தாம் வகுப்பு மாணவர் சம வித்தியாசத்தில் எழுதும் எண்களுக்கு உரிய பெயர். ‘நடை’ நல்ல சொல்லே. ஆனால் திச்ர நடை, சதுச்ர நடை என்று தாளத்தில் அதற்கு ஏற்கெனவே திட்டமான வேலை இருக்கிறது.

யாழ் வாசிப்பின் எட்டுக் கூறுகளாகப் பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்பவற்றை மரபு எண்ணுகிறது. இவற்றில் ‘செலவு’ பொருளால் மிக நெருங்கியது. ‘செல்லுதல்’ என்பதே அதன் பொருள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பணப்பை நினைவுக்கு வருவதால் அதை மீட்க முடியாது, அதுவும் அரேஞ்சர் கீபோர்டின் விலையை அறிந்தவர் முன்னால். கடைசியாக வரும் குறும்போக்கில் உள்ள ‘போக்கு’ அப்படி இழக்கப்படவில்லை. ராகத்தின் போக்கு, பாட்டின் போக்கு என்று இன்றும் உயிரோடு வழங்கும் சொல் அது. அதில் அடியெடுத்துச் செல்வதும் உண்டு, செல்லும் வழியும் உண்டு. ஆகவே ‘சுரக்கூட்டுப் போக்கு’.

இந்தப் பெயர் பொருந்துகிறதா என்பதை மிக எளிய ஒரு போக்கைக் கொண்டு பார்க்கலாம். சி சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு சங்கராபரணத்தின் சுரங்களால் சி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் ஆகிய நான்கையும் வரிசையாகப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது ச-க-ப; அதிலிருந்து த-ச-க என்னும் இரண்டாவதற்குப் போக, பஞ்சமம் மட்டும் தைவதத்துக்கு நகர்ந்தால் போதும். மூன்றாவதான ம-த-ச வருவதற்குக் காந்தாரம் மத்யமத்துக்கு ஏறுகிறது, மற்ற இரண்டும் அசைவதில்லை. நான்காவதான ப-நி-ரி வரும்போதுதான் மூன்று சுரங்களும் ஒருசேர மாறுகின்றன. அங்கிருந்து சட்ஜத்துக்கு அருகில் நிற்கும் நிஷாதம் வீடு திரும்பத் துடிக்க, முதல் கூட்டு மறுபடி வந்து அமைதி தருகிறது. ஒரு காலை ஊன்றி மறு காலை எடுத்து வைப்பதைப் போலச் சில சுரங்கள் நிற்கச் சில நகர்வதே இந்தக் கலையின் உள்ளியக்கம் என்பதால், போக்கு என்ற சொல் வெறும் உவமையாக நில்லாமல் நடப்பதையே சொல்கிறது.

மூன்றாவதாக ‘அரேஞ்சர்’. பிரெஞ்சில் வரிசையைக் குறிக்கும் ‘ராங்’ என்ற சொல்லோடு முன்னொட்டு சேர்ந்து, வரிசையில் வைத்தல் என்ற பொருளில் பிறந்தது இது. ஒரு மெட்டுக்கு எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்து எழுதித் தரும் மனிதரின் பெயர், பிற்பாடு அந்த வேலையின் ஒரு பகுதியைச் செய்யும் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. சுருதிக்குச் சுருதிப்பெட்டி என்றும், தாளத்துக்குத் தாளப்பெட்டி என்றும் வழங்குவதால், இதைப் ‘பக்கவாத்தியப் பெட்டி’ என்பது மரபோடு ஒத்துப்போகும். அச்சில் கொஞ்சம் நாகரிகம் வேண்டுவோர் ‘பக்க இசைப் பலகை’ என்று எழுதிக்கொள்ளட்டும்.

வரிசையைக் குறிக்கும் தூய தமிழ்ச் சொல் ‘நிரல்’. அணியிலக்கணத்தில் நிரல்நிறை என்றும், கூட்டங்களில் நிகழ்ச்சி நிரல் என்றும் வழங்கி, கணினி வந்தபின் ‘புரோகிராம்’ என்பதற்கும் அதுவே பெயராயிற்று. அரேஞ்சர் கீபோர்டில் சுரக்கூட்டுகளைப் பதித்து வைக்கும் வேலைக்கு இந்தச் சொல் இரட்டிப்பாகப் பொருந்துகிறது: வரிசைப்படுத்துதலும் கருவிக்குக் கட்டளை எழுதுதலும் அங்கே ஒன்றே. எனவே காதில் கேட்பது ‘சுரக்கூட்டுப் போக்கு’ என்றும், அதைக் கருவிக்குள் எழுதி வைத்தது ‘சுரக்கூட்டு நிரல்’ என்றும், அப்படி எழுதும் தொழில் ‘நிரலாக்கம்’ என்றும் பிரித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 போன்றவற்றில் ‘கார்ட் லூப்பர்’ என்றும், கோர்க் பிஏ700 வகையில் ‘கார்ட் சீக்வென்சர்’ என்றும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய பெயரை வைத்திருக்கிறது.

இந்தப் பிரிவு வெறும் சொல்லாசையால் செய்தது அன்று. நிரலில் ஒலி எதுவும் பதிவாவதில்லை. எந்தத் தாள இடத்தில் எந்த அடிச்சுரம் (கூட்டுக்குப் பெயர் தரும் வேர்ச்சுரம்), எந்த வகைக் கூட்டு என்பது மட்டுமே பதிவாகிறது. ஒலியைத் தருவது ‘ஸ்டைல்’ எனப்படும் பக்க இசை வடிவம். யமஹா கருவிகளில் அந்த வடிவம் வழக்கமாகச் சி மேஜர் செவன்த் என்னும் ஒரே கூட்டில் எழுதப்பட்டிருக்கும். இடக்கை ஏ மைனரைக் காட்டியதும் கருவி தன் விதிகளின்படி ஒவ்வொரு சுரத்தையும் இடம் மாற்றியும் திருத்தியும் வாசிக்கிறது. அதனால்தான் ஒரே நிரலை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டலாம், வால்ட்ஸ் போன்ற மூன்றடி வடிவங்கள் ஒழிய எந்த நான்கடி வடிவத்துக்கும் தாவலாம். மேற்சொன்ன நான்கு கூட்டுகளையும் ஆளுக்கு ஒரு ஆவர்த்தமாக, நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில், நான்கடித் தாளத்தில் பதித்தால் நிரல் ஒருமுறை சுற்றிவர 10 விநாடி ஆகும். 120க்கு ஏற்றினால் 8 விநாடி. நிரல் மாறவில்லை, காதில் கேட்கும் போக்கு மட்டும் வேறாகிவிடுகிறது.

கூட்டை அதன் அடிச்சுரத்தால் அடையாளம் காணும் பழக்கத்துக்கு ஒரு பிறந்த ஆண்டைச் சொல்லலாம். 1722இல் பிரான்சின் ழான்-பிலிப் ராமோ தம் ஒத்திசைவு நூலில், சுரங்கள் எப்படி இடம் மாறி அடுக்கப்பட்டாலும் வேர் ஒன்றே என்று நிறுவினார். ச-க-ப என்று பிடித்தாலும் க-ப-ச என்று பிடித்தாலும் கீபோர்டின் திரை சி என்றே காட்டுவது அந்தக் கொள்கையால்தான். ஆனால் ச-க-ப-த என்னும் நான்கு சுரங்கள் சி சிக்ஸ்த் ஆகவும் ஏ மைனர் செவன்த் ஆகவும் இருக்கலாம். அங்கே எந்தச் சுரம் எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கிறது என்பதைப் பார்த்தே கருவி பெயரிடுகிறது. நிரலாக்கம் செய்பவர் இந்த இடத்தில் அசட்டையாக இருந்தால், பேஸ் எனப்படும் தாழ்சுரப் பகுதி வேறு சுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பதிக்கும் முறை இரண்டு. வாசித்தபடியே பதித்தால் பாட்டின் மூச்சு நிரலில் இறங்கும். ஆயினும் கூட்டு மாற ஒரு கணம் பிந்தினால் புதிய ஆவர்த்தத்தின் முதலடியில் பழைய பேஸ் சுரமே ஒலித்துவிடும் என்பதால், தேர்ந்தவர்கள் இடக்கையை ஒரு துளி முந்தியே வைப்பார்கள். தாள இடத்தை எண்ணாகக் குறித்து ஒவ்வொன்றாக எழுதுவது மற்ற முறை. அதில் பிந்துவதற்கே இடமில்லை.

நம் ராகங்களுக்கு நிரல் எழுதும்போது சொல்லின் பொருளை மறக்கக் கூடாது. மோகனத்தில் ச, ரி, க, ப, த ஆகிய ஐந்து சுரங்களே இருப்பதால், அதில் முழுமையாக அமையும் மேஜர், மைனர் கூட்டுகள் சி மேஜரும் ஏ மைனரும் மட்டுமே. பழக்கத்தால் ஜி மேஜரைப் பிடித்தால் நிஷாதமும், எஃப் மேஜரைப் பிடித்தால் மத்யமமும் அழையா விருந்தாளிகளாக வந்து சேரும். ஜி வேண்டியே தீரும் என்றால் நடுச்சுரத்தை விட்டு, ப-ரி என்னும் இரண்டை மட்டும் பிடிக்கலாம். மூன்றாம் சுரம் இல்லாத இந்த ஐந்தாம் சுர இணையை யமஹா கருவிகள் தனி வகையாகவே ஏற்றுக்கொள்கின்றன. பழைய கணக்கில் அது பகை நீங்கிக் கிளை மட்டும் நிற்கும் கூட்டு.