எம்சிபி விழவே இல்லை, ஆனாலும் வயர் கருகிவிட்டது

"பிளாஸ்டிக் தீயுற வாசனை வந்துச்சு சார். ஆனா எம்சிபி விழவே இல்லையே?" அந்த வீட்டுக்காரர் அடுப்பைக் குறை சொல்லத் தயாராக இருந்தார். எம்சிபி என்பது கரன்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். மேடையில் பதித்த மின்சார அடுப்பைத் தூக்கி, அடியிலிருந்த டெர்மினல் மூடியைக் கழற்றினேன்.

நியூட்ரல் வயரின், அதாவது கரன்ட் திரும்பிப் போகும் வயரின், ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது கவ்வியிருந்தது செம்பை அல்ல, வயரின் மேலுறையை. போதுமான அளவு சீவாமலே செருகிவிட்டிருக்கிறார்கள். நாலைந்து செம்பு இழைகள் மட்டும் ஓரமாக உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. விரல் பட்டதும் உறை பொருபொருவென்று உதிர்ந்தது.

எம்சிபிக்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு கரன்ட் போகிறது என்பதுதான். இணைப்பு சரியில்லை என்றால் கரன்ட் அதிகமாகாது, அந்த இடத்தில் சூடுதான் கூடும். இணைப்பில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால்கூட, 30 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு ஸ்க்ரூவில் 45 வாட் வெப்பம். சால்டரிங் அயர்னை ஆன் செய்து டெர்மினல் பெட்டிக்குள் வைத்து மூடிய மாதிரி. கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இங்கே கைகொடுக்காது. போன கரன்ட் முழுவதும் திரும்பி வருகிறது, கசிவு ஏதும் இல்லையே.

30 ஆம்பியர் என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 7,200 வாட் அடுப்பை முழுதாக ஓட்டினால் 230 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் ஒற்றை இண்டக்ஷனுக்கு 9 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் பிளக் தாங்கும். அதே பிளக்கில் அந்த 7,200 வாட் அடுப்பை மாட்டித் தரச் சொன்னால் நான் செய்ய மாட்டேன். எம்சிபி இருக்கும் மெயின் பெட்டியிலிருந்து தனி லைன் வர வேண்டும்: பொதுவாக 6 சதுர மி.மீ. செம்பு வயர், 32 ஆம்பியர் எம்சிபி, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் ஸ்விட்ச், கூடவே எர்த். தூரம் அதிகமானால் வயரின் தடிமனும் கூடும்.

செம்பு லிங்க்குகளை, அதாவது ஒரு டெர்மினலை இன்னொன்றோடு இணைக்கும் சிறு பட்டைகளை, பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல அடுப்புகளில் ஒரே ஃபேஸ் கொடுத்தால் லிங்க் போட வேண்டும், இரண்டு ஃபேஸ் கொடுத்தால் கழற்ற வேண்டும். கழற்ற மறந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் நேரடி ஷார்ட். அதைவிட மோசம், இரண்டு ஃபேஸ் ஓடும்போது நியூட்ரல் விட்டுப்போவது: இரண்டு ஃபேஸுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட் உள்ளே சமமில்லாமல் பிரிந்து, உள்ளிருக்கும் போர்டைக் காவு வாங்கிவிடும். இணைப்புப் படம் அடுப்பின் அடியிலேயே ஒட்டியிருக்கும். மேடையில் இறக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இறக்கிய பிறகு யாரும் திரும்பத் தூக்கிப் பார்ப்பதில்லை.

பல இழை வயரின் நுனியில் ஈயம் வைத்துச் செருகுவது பழைய பழக்கம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளரும். இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழாயான ஃபெரூலை அளவுக்கேற்பப் போட்டு, கிரிம்ப் செய்வதே (நசுக்கி இறுக்குவதே) சரி.

கை வைக்கும் முன் நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கிறேன், பிறகு இந்த டெர்மினலில், பிறகு மறுபடியும் கரன்ட் இருக்கும் இடத்தில். நடுவில் மீட்டரே செத்துப்போயிருக்கலாம் அல்லவா?

அந்த வீட்டில் டெர்மினல் கட்டையை மாற்றினேன், கருகிய பாகத்தை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இறுக்கினேன். மூடியைப் போடும் முன், மெயின் ஆஃபில் இருக்கும்போதே, ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அடுப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை.