ஷார்ட்கட் வைரஸ்: கோப்புகள் எங்கேயும் போகவில்லை

பேக்கப் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி. இங்கேதான் பலர் பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். முதலில் டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய அளவே காட்டினால், கோப்புகள் அநேகமாக உள்ளேதான் இருக்கின்றன.

வைரஸ் செய்வது மிகச் சின்ன வேலை. ஃபேட்32 என்ற, டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது 32 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு. அதில் ஒரே ஒரு பைட், கோப்பின் தன்மைகளைக் குறிப்பது. அந்தப் பைட்டில் ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு பிட்களை வைரஸ் 1 ஆக்கிவிடும். படங்களையும் கணக்குகளையும் தொடுவதில்லை. ‘சிஸ்டம்’ முத்திரை விழுந்துவிட்டதால், மறைந்த கோப்புகளைக் காட்டு என்று கேட்டாலும் விண்டோஸ் காட்டாது. பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்ற டிக்கையும் தனியாக எடுக்க வேண்டும். மறைந்த ஃபோல்டரின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் வந்து உட்காரும். கிளிக் செய்தால் முதலில் வைரஸின் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு, ஓடும், கூடவே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

2008இல் தலைகாட்டிய கான்ஃபிக்கர் என்ற வைரஸ், யுஎஸ்பி வழியே பரவ, டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டது. 2011 பிப்ரவரியில் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டாவிலும் யுஎஸ்பிக்கு அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. ஷார்ட்கட் தந்திரத்துக்கு ஆட்டோரன் தேவையே இல்லை. நம் விரல் போதும்.

நீக்கும்போது வரிசை முக்கியம். டிஸ்க்கை மட்டும் சுத்தம் செய்தால் சில நொடியில் ஷார்ட்கட்டுகள் திரும்பிவிடும், ஏனென்றால் ஸ்கிரிப்ட் கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டே புதிய டிரைவுகளைத் தேடுகிறது. ‘டிரைவ் பயன்பாட்டில் உள்ளது’ என்று கழற்ற விடாமல் தொல்லை தருவதும் சில நேரம் இதன் வேலைதான். எனவே டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, டாஸ்க் மேனேஜரில், ஸ்கிரிப்ட்டுகளை ஓட்டும் விண்டோஸ் நிரலான ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ (wscript) ஓடினால் நிறுத்துங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் வைரஸ் போட்டுவைத்த பதிவை நீக்குங்கள். ஆன்டிவைரஸால் முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

பிறகுதான் டிஸ்க். பிராபர்ட்டீஸ் பெட்டியில் ‘ஹிடன்’ டிக் மங்கிக் கிடக்கும், எடுக்க வராது. கமாண்ட் பிராம்ப்டில் ‘அட்ரிப்’ (attrib) கட்டளையால் இரண்டு முத்திரைகளையும் ஒரே சமயத்தில் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் மறுத்துவிடும். ஷார்ட்கட்டுகளையும், கூட ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் கோப்பையும் அழித்துவிடலாம். பெயரே இல்லாதது போன்ற ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்: கேமரூ வகை வைரஸ்கள் எல்லாக் கோப்புகளையும் அதற்குள்தான் நகர்த்தி வைக்கும்.